காலியான செவ்வாய்க்கிழமைகளை நிரப்பிய வரி: லாஸ் வேகாஸ் அறை வரி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

லாஸ் வேகாஸில் சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் 100 டாலருக்கு ஓர் அறை எடுத்துத் தங்குபவர், கிளம்பும்போது 13 டாலர் 38 சென்ட் அறை வரியும் சேர்த்துக் கட்டுகிறார். ஹோட்டல் அதை வசூலித்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறது. தங்கியவர் ஊர் திரும்பிவிடுகிறார். அந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டம் போன்ற அந்த உள்ளாட்சிப் பகுதியில், அவருக்கு வாக்கு கிடையாது. தான் கட்டிய பணம் எங்கே போனது என்று கேட்க அவர் திரும்பி வரப்போவதும் இல்லை.

உள்ளூர் தங்கும் வரியின் கவர்ச்சியும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன. வாக்காளரைத் தொடாமல் வருமானம் தரும் வரி எந்த அரசியல்வாதிக்கும் பிடிக்கும். ஆனால் கட்டுபவர் கேள்வி கேட்காத பணத்தைச் சுற்றி, வாங்குபவர்களின் கூட்டம் வேகமாகச் சேரும்.

அமெரிக்காவின் பல நகரங்களும் கவுண்டிகளும் இந்த வரியை வசூலிக்கின்றன. அவற்றுள் லாஸ் வேகாஸை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ஒரே வரி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, முற்றிலும் வேறுபட்ட காரியங்களுக்குச் செலவாகியிருக்கிறது: முதலில் மாநாட்டு மையம், பிறகு விளம்பரம், பிறகு பள்ளிகளும் சாலைகளும், கடைசியில் ஒரு தனியார் அணி விளையாடும் அமெரிக்கக் கால்பந்து அரங்கம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அறைகள் காலியாகக் கிடந்த நாட்களை நிரப்புவதற்காக இந்த வரி செலவானபோது ஊரின் பொருளாதாரத்தையே மாற்றியது. ஏற்கெனவே நிரம்பியிருந்த நாட்களுக்காகச் செலவானபோது, அதன் பலன் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

அறைகள் அதிகம், ஆட்கள் குறைவு

1955ஆம் ஆண்டில் சில மாத இடைவெளிக்குள் ராயல் நெவாடா, ரிவியேரா, டியூன்ஸ், மூலான் ரூஜ் ஆகிய ஹோட்டல்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. கறுப்பின விருந்தினர்களையும் வெள்ளையரையும் ஒரே கூரையின்கீழ் வரவேற்ற மூலான் ரூஜ், அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மூடப்பட்டது. மற்றவையும் பணநெருக்கடியில் தள்ளாடின. கட்டிய வேகத்துக்கு விருந்தினர் வரத்து ஈடு கொடுக்கவில்லை.

சிக்கல் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, கிழமையிலும் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து காரில் வருபவர்களே அன்றைய முக்கிய வாடிக்கையாளர்கள். வெள்ளி மாலை வந்து ஞாயிறு திரும்பிவிடுவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை அறைகள் வெறிச்சோடும். பாலைவனக் கோடையிலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும் நிலைமை இன்னும் மோசம். ஊழியர் சம்பளத்துக்கும் கடன் வட்டிக்கும் வார நாட்களில் விடுமுறை கிடையாது.

இந்தக் காலி நாட்களுக்குப் பொருத்தமான விருந்தினர், தொழில்முறை மாநாட்டுக்கு வருபவர்தான். அவர் வார நாளில் வருகிறார். செலவை அவருடைய நிறுவனம் ஏற்கிறது. எங்கே, எப்போது கூடுவது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுவதற்கு ஒரு பெரிய மண்டபம் வேண்டும். அதை எந்த ஹோட்டலும் தனியாகக் கட்டாது. அப்படிக் கட்டினாலும், வருகிற கூட்டத்தில் பாதி எதிர் ஹோட்டலில்தான் தங்கும். செலவு ஒருவருக்கு, வரவு எல்லோருக்கும் என்றால், எல்லோருமே மற்றவர் கட்டட்டும் என்று காத்திருப்பார்கள்.

தங்கும் வரிக்கான உண்மையான பொருளாதார நியாயம் இதுதான். சுற்றுலா நல்லது, அதை வளர்க்க வேண்டும் என்ற பொதுவான பேச்சு ஒரு வரிக்குப் போதுமான நியாயம் ஆகாது. எல்லோருக்கும் பலன் தரக்கூடிய, ஆனால் தனியொருவர் செய்ய முன்வராத ஒன்று இருக்க வேண்டும். பலன் பெறுகிற எல்லா ஹோட்டல்களிடமிருந்தும், ஒருவரும் நழுவ முடியாதபடி, அதற்கான பணத்தைத் திரட்டும் ஏற்பாடுதான் அறை வரி.

நெவாடா மாநிலச் சட்டமன்றம் 1955இல், லாஸ் வேகாஸ் அமைந்திருக்கும் கவுண்டியின் பெயரில், கிளார்க் கவுண்டி கண்காட்சி மற்றும் பொழுதுபோக்கு வாரியத்தை உருவாக்கியது. மாநாட்டு மையம் கட்ட 45 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அறை வரி அந்த முயற்சியின் முதுகெலும்பானது. 1959 ஏப்ரலில், வெள்ளி நிறக் குவிமாடம் கொண்ட வட்ட வடிவக் கட்டடத்தோடு மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. உலக விமானப் பேரவை என்ற வான்பயணத் துறைக் கூட்டம்தான் அங்கே நடந்த முதல் பெரிய நிகழ்வு. அந்த வாரியம்தான் பின்னாளில் லாஸ் வேகாஸ் மாநாடு மற்றும் பார்வையாளர் ஆணையமாக வளர்ந்தது.

பலன் வந்ததா

1978இல் நுகர்வோர் மின்னணுப் பொருட்காட்சி லாஸ் வேகாஸுக்கு வந்தது. அடுத்த ஆண்டே காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சி தொடங்கியது. அறைகளின் எண்ணிக்கை பெருகிப் பெருகி இன்று ஏறத்தாழ ஒன்றரை லட்சத்தில் நிற்கிறது. 2019இல் 4.25 கோடிப் பேர் வந்தார்கள். அவர்களில் 66 லட்சம் பேர் மாநாடுகளுக்காக வந்தவர்கள்.

மொத்த வருகையில் இது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு என்று சிலர் இந்த எண்ணைச் சிறுமைப்படுத்துவதுண்டு. அது தவறான அளவுகோல். அந்த 66 லட்சம் பேரும் எந்த நாளில் வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அதே 2019இல் வார இறுதிகளில் அறைகள் சுமார் 95 சதவீதம் நிரம்பின. வார நாட்களில் சுமார் 86 சதவீதம். பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஓர் உல்லாச நகரத்தில் செவ்வாயும் புதனும் இந்த அளவுக்கு நிரம்புவது இயல்பாக நடக்கக்கூடியது அல்ல.

இதற்கெல்லாம் மாநாட்டு மையமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குளிர்சாதனம், ஜெட் விமானப் போக்குவரத்து, பெருநிறுவனங்கள் சூதாட்ட விடுதிகளை வாங்க வழிசெய்த 1960களின் சட்டத் திருத்தங்கள் என்று பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தன. இவற்றில் ஒன்றைத் தனியே பிரித்து எடை போட வழியில்லாமல்தான் இருந்தது, பெருந்தொற்று வரும்வரை.

2021இல் வந்தது ஒரு கசப்பான சோதனை. அந்த ஆண்டு உல்லாசப் பயணிகள் திரும்பி வரத் தொடங்கினார்கள். பெரிய மாநாடுகள் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. ஹோட்டல்கள் அதே, விமானங்கள் அதே, சூதாட்டமும் அதே. வார இறுதிகள் விரைவில் நிரம்பின. வார நாட்கள் வெகுவாகப் பின்தங்கின. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஹோட்டல்காரர்கள் கவலைப்பட்ட அதே இடைவெளி மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது. மாநாட்டு மையம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

விளம்பரம், அதன் அளவீடு

ஆணையத்தின் இரண்டாவது பெரிய செலவு விளம்பரம். இங்கே நடப்பது இங்கேயே இருக்கட்டும் என்ற பொருளில் 2003இல் தொடங்கிய விளம்பரத் தொடர் உலகம் முழுதும் பேசப்பட்டது. எந்த ஒரு ஹோட்டலின் பெயரையும் சொல்லாமல் ஊரையே விற்ற அந்த உத்தி, பொதுப் பணத்தில் மட்டுமே செய்யக்கூடியது. தனி ஹோட்டல் தன் பெயரைத்தான் விளம்பரம் செய்யும். அந்த வகையில் மாநாட்டு மையத்துக்குச் சொன்ன அதே நியாயம் இதற்கும் பொருந்துகிறது.

ஆனால் அளவீடு இங்கே கடினம். விளம்பரம் பார்த்து வந்தவரையும் எப்படியும் வந்திருக்கக்கூடியவரையும் பிரித்துக் காட்டுவது எளிதல்ல. சுற்றுலா வளர்ச்சி அமைப்புகள் வெளியிடும் பலன் அறிக்கைகள் பலவற்றில், ஊருக்கு வந்தவர்கள் எல்லோருடைய செலவும் விளம்பரத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர் இத்தகைய அறிக்கையைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வரி இல்லாவிட்டால் இவர்களில் எத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள் என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத அறிக்கை, எத்தனை வண்ணப் படங்களோடு வந்தாலும், பலனை நிறுவுவதில்லை.

சொந்தப் பணத்தில் கட்டியவரின் புகார்

காம்டெக்ஸைத் தொடங்கிய ஷெல்டன் ஆடெல்சன், 1990இல் தன் சொந்த முதலீட்டில் சாண்ட்ஸ் கண்காட்சி மையத்தைத் திறந்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தார்: தன் ஹோட்டல் விருந்தினர்கள் கட்டும் அறை வரியை வைத்தே அரசு ஆணையம் தன்னோடு போட்டி போடுகிறது.

இதைப் பணக்காரரின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தனியார் எவரும் கட்ட முன்வரமாட்டார்கள் என்பதுதான் வரிக்கான மூல நியாயம். தனியார் ஒருவர் கட்டிக் காட்டிவிட்டால் அந்த நியாயத்தை மறுபடி சோதிக்கத்தானே வேண்டும்? நாட்டின் மிகப்பெரிய கண்காட்சிகளை எந்தத் தனி மையமும் தாங்காது, ஆகவே பொது மையம் இன்னும் தேவை என்று ஆணையத்தின் தரப்பில் வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும், 1955இல் சரியாக இருந்த ஒரு காரணம் எல்லாக் காலத்துக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வரி விதிக்கும் சட்டங்கள் பலவற்றில் இத்தகைய மறு ஆய்வுக்கு இடமே இருப்பதில்லை.

13 டாலர் 38 சென்ட்டின் பயணம்

ஸ்ட்ரிப் பகுதியில் 100 டாலர் அறைக்குக் கட்டும் வரி எப்படிப் பிரிகிறது என்று பார்க்கலாம். கிளார்க் கவுண்டியின் பள்ளிக் கட்டடங்களுக்கு 1.625 டாலர். போக்குவரத்துக்கு ஒரு டாலர். மாநிலத்தின் சுற்றுலா விளம்பரத்துக்கு 0.375 டாலர். 2009இல் வந்த கூடுதல் வரியின் 3 டாலர் மாநிலத்துக்கு. கல்விக்கென்று பேசப்பட்ட அந்தப் பணம் முதலில் மாநிலத்தின் பொது வரவு செலவில் சேர்ந்தது. கால்பந்து அரங்கத்துக்கு 0.88. மாநாட்டு மைய விரிவாக்கத்துக்கு 0.50. மிச்சமுள்ள 6 டாலரில் பெரும்பகுதி ஆணையத்துக்கும், ஒரு பகுதி வரியை வசூலிக்கும் உள்ளாட்சிகளுக்கும் போகிறது.

ஒவ்வொரு பங்குக்கும் பின்னால் ஒரு காலகட்டத்தின் நெருக்கடி இருக்கிறது. ஊர் வேகமாக வளர்ந்து பள்ளிகள் பற்றாமல் போனபோது பள்ளிப் பங்கு வந்தது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பிறகு மாநிலக் கருவூலம் வறண்டபோது 3 சதவீதம் வந்தது. நெவாடாவில் தனிநபர் வருமான வரி கிடையாது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். உள்ளூர்க்காரரைத் தொட முடியாத அரசு, பணம் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் வெளியூர்க்காரரின் அறைக் கதவைத் தட்டியிருக்கிறது.

பள்ளிக்குப் போகும் பங்கைச் சிலர் திசைமாற்றம் என்று குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோட்டல்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அவை. சுற்றுலா அழைத்து வந்த மக்கள்தொகையின் செலவு அது. அதைச் சுற்றுலாவே ஏற்பது நேர்மையான கணக்கு. தவறு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம், பள்ளி நடத்தும் அன்றாடச் செலவு போன்ற நிலையான தேவைகளை, ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் வருமானத்தோடு கட்டிப்போடுவது ஆபத்து. கட்டடம் ஓராண்டு தள்ளிப் போகலாம். ஆசிரியர் சம்பளம் தள்ளிப் போகக் கூடாது.

75 கோடி டாலர் அரங்கம்

2015இல் அன்றைய ஆளுநர் பிரையன் சாண்டோவல் தெற்கு நெவாடா சுற்றுலா உள்கட்டமைப்புக் குழுவை அமைத்தார். மாநாட்டு மைய விரிவாக்கத்தையும், ஓக்லாந்திலிருந்து ரெய்டர்ஸ் அணியை வரவழைக்கக்கூடிய ஓர் அரங்கத்தையும் அந்தக் குழு சேர்த்துப் பரிந்துரைத்தது. 2016 அக்டோபரில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தொடர், வரி உயர்வுக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு இரண்டையும் ஒரே சட்டமாக நிறைவேற்றியது. அரங்கத்துக்கு அறை வரியிலிருந்து 75 கோடி டாலர். அமெரிக்கக் கால்பந்து அரங்கம் ஒன்றுக்கு அதுவரை எந்தப் பொது அமைப்பும் இவ்வளவு கொடுத்ததில்லை.

ஆடெல்சன் முதலில் 65 கோடி டாலர் போடுவதாக இருந்தார். 2017 ஜனவரியில் விலகிக்கொண்டார். அந்த இடத்தை ஒரு வங்கிக் கடன் நிரப்பியது. பொது மாநாட்டு மையத்தை எதிர்த்து வந்தவரே அரங்கத்துக்குப் பொதுப் பணம் கேட்டு நின்றது பலருக்கும் வியப்பாக இருந்தது. 2017 மார்ச்சில் கால்பந்துக் கூட்டமைப்பின் அணி உரிமையாளர்கள் 31க்கு 1 என்ற வாக்கில் இடமாற்றத்தை ஏற்றார்கள். அரங்கம் 2020இல் தயாரானது. மொத்தச் செலவு 200 கோடி டாலரை ஒட்டி வந்தது.

இந்தத் திட்டத்துக்கு ஆதரவாக வைக்கப்பட்ட மதிப்பீடு, ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம் புதிய பயணிகள் வருவார்கள் என்றது. விளையாட்டு அரங்கங்களுக்கு அரசு கொடுக்கும் மானியம் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் அந்த அளவுக்குப் பலன் தருவதில்லை என்பதில் பொருளாதார ஆய்வாளர்களிடையே அபூர்வமான ஒற்றுமை இருக்கிறது. ரசிகர் அரங்கத்தில் செலவிடும் பணம் பெரும்பாலும் அதே ஊரின் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவாகியிருக்கக்கூடியது என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

லாஸ் வேகாஸ் இதற்கு விதிவிலக்கு என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் பாதி சரி. பிற நகரங்களின் அரங்கங்களைவிட இங்கே வெளியூர் ரசிகர்களின் பங்கு மிக அதிகம். தங்கள் அணியின் ஆட்டத்தைச் சாக்காக வைத்து விமானம் ஏறி வருபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் வாதத்தின் மறுபாதியைக் கிழமை சிதைத்துவிடுகிறது. தொழில்முறைக் கால்பந்து பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பெரிய இசை நிகழ்ச்சிகள் வெள்ளியிலும் சனியிலும் நடக்கின்றன. ஏற்கெனவே 95 சதவீதம் நிரம்பும் இரவுகளுக்குள் இன்னொரு கூட்டத்தை அனுப்பினால், அவர்கள் காலி அறைகளில் தங்குவதில்லை. எப்படியும் வந்திருக்கக்கூடிய வேறொருவரின் அறையில் தங்குகிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். தேவை கூடும்போது அறை வாடகை ஏறுகிறது. வாடகை ஏறினால் அதன் சதவீதமான வரியும் ஏறுகிறது. ஹோட்டல்களின் வருமானமும் கூடுகிறது. ஞாயிறு இரவு ஆட்டம் முடிந்து திங்கள்வரை தங்குபவர்களும் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் இங்கே நடந்தபோது வாடகைகள் எங்கோ போயின. ஆனால் வாடகை ஏற்றத்தின் பெரும்பங்கு ஹோட்டல் உரிமையாளர்களுக்குப் போகிறது. வார நாளில் புதிதாக நிரம்பும் அறையோ, அறையைச் சுத்தம் செய்பவருக்கும் சமையலறையில் நிற்பவருக்கும் ஒரு நாள் வேலையைக் கொடுக்கிறது. பொருளாதார வளர்ச்சி என்ற பெயரில் பொதுப் பணத்தைக் கொடுக்கும்போது இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அதே சட்டத்தின் மறுபாதியான மாநாட்டு மைய விரிவாக்கத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பழைய ரிவியேரா ஹோட்டலை ஆணையம் 2015இல் 18.25 கோடி டாலருக்கு வாங்கி இடித்தது. மாநாட்டு மையம் ஸ்ட்ரிப் சாலை வரை நீண்டது. ஏறத்தாழ 100 கோடி டாலரில் எழுந்த மேற்கு மண்டபம் 2021 ஜூனில் ஒரு கட்டுமானத் துறைக் கண்காட்சியோடு திறக்கப்பட்டது. தலைப்புச் செய்திகளை அரங்கம் எடுத்துக்கொண்டது; வார நாட்களை நிரப்பும் வேலை இந்த மண்டபத்திடம் வந்தது.

78 நாட்கள்

பெருந்தொற்றால் 2020 மார்ச் 18 முதல் ஜூன் 4 வரை சூதாட்ட விடுதிகள் மூடிக் கிடந்தன. அந்த ஏப்ரலில் நகரப் பகுதியின் வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. ஆண்டு முழுவதற்கும் வருகை 1.9 கோடியாகச் சுருங்கியது. முந்தைய ஆண்டில் பாதிகூட இல்லை.

வரி வருமானம் நின்றாலும் கடன் தவணை நிற்கவில்லை. அரங்கத்துக்காகக் கவுண்டி 2018இல் 30 ஆண்டுக் கடன் பத்திரங்களை, சுமார் 64.5 கோடி டாலருக்கு, வெளியிட்டிருந்தது. தவணை கட்ட இருப்பு நிதியைத் தொட வேண்டியதாயிற்று. அந்த இருப்பை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்ததால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை. 2017 மார்ச்சிலிருந்தே, கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே, வரியை வசூலிக்கத் தொடங்கியது பின்னாளில் கைகொடுத்தது. அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அரங்க விவாதத்தின்போது மறுபடி மறுபடி சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் இந்த இடத்தில் உடைகிறது. பயணிகள் மட்டுமே கட்டுகிறார்கள், உள்ளூர்க்காரருக்கு ஒரு சென்ட் செலவில்லை என்றார்கள். அந்தப் பத்திரங்கள் அறை வரியை மட்டும் பிணையாகக் கொண்டவை அல்ல. அவை கவுண்டியின் பொதுப் பொறுப்பில் வெளியிடப்பட்டவை. அறை வரியும் இருப்பு நிதியும் தீர்ந்துபோனால், கடன் கொடுத்தவர்கள் கவுண்டியைத்தான் கேட்பார்கள். குறைந்த வட்டி கிடைத்ததே அந்தப் பிணைக்காகத்தான். கவுண்டிக்கு அந்தச் செலவு வராமல் போகலாம். ஆனால் அபாயத்தைச் சுமக்கிறவர் உள்ளூர்க்காரர்தான், அதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டிக்குக் காவல்

ஆணையத்தின் வாரியத்தில் 14 உறுப்பினர்கள். எட்டுப் பேர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு பேர் ஹோட்டல் மற்றும் வணிகத் துறையினர். தாளில் இது நல்ல சமநிலை. நடைமுறையில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஊரும் தேர்தலும் அந்தத் துறையையே நம்பியிருக்கும்போது, கறாராகக் கேள்வி கேட்பவர் யார் என்பது தெளிவாக இல்லை.

2017இல் உள்ளூர் நாளிதழ் ஒன்று ஆணையத்தின் செலவுகளைத் தோண்டத் தொடங்கியது. மறு ஆண்டு வெளியான தணிக்கை, சில ஆண்டுகளில் சுமார் 90,000 டாலருக்கு விமான நிறுவனப் பரிசு அட்டைகள் வாங்கப்பட்டிருந்ததையும், அவற்றில் சில சொந்தப் பயணங்களுக்குப் பயன்பட்டதையும் காட்டியது. அந்த நாளிதழின் உரிமை 2015 இறுதியில் ஆடெல்சன் குடும்பத்துக்குப் போயிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணையத்தின் பழைய எதிர்ப்பாளர் வசம் இருந்த நாளிதழ்தான் அந்தக் கேள்விகளைக் கேட்டது. கேட்டவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், கேள்விகள் சரியானவை, பதில்கள் மோசமானவை. 90,000 டாலர் என்பது ஆணையத்தின் வரவு செலவில் ஒரு துளி. ஆனாலும் கட்டியவர் ஊர் திரும்பிவிட்ட பணத்துக்கு வெளியிலிருந்து வரும் கண்காணிப்பு எவ்வளவு அவசியம் என்பதை அது காட்டிவிட்டது.

மற்ற மாநிலங்கள் போட்ட வேலிகள்

டெக்சாஸ் மாநிலச் சட்டம் நகரங்களுக்கு இரட்டைச் சோதனை வைக்கிறது. அறை வரியிலிருந்து செய்யும் ஒவ்வொரு செலவும் சுற்றுலாவையும் மாநாட்டு, ஹோட்டல் தொழிலையும் நேரடியாக வளர்க்க வேண்டும். அத்தோடு, சட்டம் பட்டியலிட்டிருக்கும் வகைகளில் ஒன்றிலும் அடங்க வேண்டும். சாலைக் குழியை அடைத்துவிட்டு, அதன் மேல் பயணியும் போவார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில், மக்கள்தொகை 5,000க்கு மேல் உள்ள நகரங்கள் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். அதில் வரியை வசூலிக்கும் ஹோட்டல்காரர்களும், வரிப் பணத்தைப் பெறும் அமைப்புகளும் சம எண்ணிக்கையில் உட்காருகிறார்கள்.

கொலராடோ வேறு திசையில் போனது. அதன் மலை நகரங்களுக்கு விளம்பரம் போதும் போதும் என்றாகிவிட்டது. பயணிகள் வருகிறார்கள், ஆனால் அவர்களுக்குச் சேவை செய்பவர்கள் குடியிருக்க வீடு இல்லை. அங்கே கவுண்டிகளின் தங்கும் வரி விளம்பரத்துக்கு மட்டுமே என்றிருந்த விதியை 2022இல் ஒரு சட்டம் தளர்த்தியது. வாக்காளர்கள் சம்மதித்தால், தொழிலாளர் குடியிருப்புக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் அந்த வரியைச் செலவிடலாம். என்னைக் கேட்டால், இது டெக்சாஸின் கட்டுப்பாட்டுக்கு எதிரானது அல்ல. இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்த ஊரில் சுற்றுலா எங்கே முட்டி நிற்கிறது? டெக்சாஸின் ஒரு சிற்றூரில் பெயர் தெரியாததால் முட்டி நிற்கலாம். கொலராடோவில் ஆள் கிடைக்காததால் முட்டி நிற்கிறது. 1955இன் லாஸ் வேகாஸில் வார நாட்களில் முட்டி நின்றது. முட்டும் இடம் தெரியாமல் செலவிடப்படும் பணம் யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ அவரிடம் போய்ச் சேரும்.

இனி கவனிக்க வேண்டியது

பெருந்தொற்றுக்குப் பின் வருகை மீண்டது, 2024இல் 4.17 கோடியை எட்டியது. 2025இல் மறுபடி இறங்கியது, குறிப்பாகக் கனடாவிலிருந்து வருபவர்கள் குறைந்தார்கள். அரங்கக் கடன் 2048 வரை நீள்கிறது. நல்ல ஆண்டுகளில் தேவைக்கு மேல் வசூலாகும் அரங்க வரியை முன்கூட்டியே கடனை அடைக்கப் பயன்படுத்தலாம். அப்படி அடைத்தால் 0.88 சதவீதம் சீக்கிரமே விடுபடும். அதற்கு மாறாக, உபரியைக் காட்டி அடுத்த திட்டத்துக்குக் கேட்பவர்களின் வரிசை ஏற்கெனவே நிற்கிறது.

ஆணையம் மாதந்தோறும் வருகை, அறை நிரம்பல், மாநாட்டு வருகை ஆகியவற்றை வெளியிடுகிறது. வார நாள், வார இறுதி என்ற பிரிவும் அந்த அறிக்கையில் இருக்கிறது. அது பாராட்டத்தக்க வழக்கம். அதோடு இன்னொரு வரிசையையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்: அறை வரியில் நடக்கும் ஒவ்வொரு திட்டமும், அரங்கம் உள்பட, எந்தக் கிழமையின் எத்தனை அறைகளை நிரப்பியது என்ற கணக்கு. ஆட்டம் நடந்த ஞாயிறுகளையும், ஆட்டம் இல்லாத ஞாயிறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி விடை தெரிந்துவிடும். அந்தத் தரவு ஹோட்டல்களின் கைகளில் இருக்கிறது. அதைக் கவுண்டி கேட்க வேண்டும்.